மலைநாட்டுக் குளிரில் சேஃப்டி ரேசர்: முகம் எரியாமல் சேவ் எடுக்க முழு வழிகாட்டி

மலை ஊற்றிலிருந்து வந்து விழுகிற பீலித் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தில் அடித்து, குளியல் சவர்க்காரத்தை ரெண்டு தேய்ப்புத் தேய்த்து, நாலு நிமிடத்தில் வழித்துத் துடைத்துவிட்டு ஹட்டன் பஸ்ஸுக்கு ஓடுவதுதான் இலங்கை மலையகத்தில் பாதிப் பேருடைய காலைச் சேவ். அப்புறம் கழுத்தெல்லாம் எரிகிறது, காலரில் ரத்தப்பொட்டு, தாடைக்குக் கீழே சிவந்த குருக்கள். பழி பிளேட்டுக்குப் போகிறது. மூன்று பிளேட் போதாது என்று அஞ்சு பிளேட் வைத்த விலை கூடிய கார்ட்ரிட்ஜ் வாங்குகிறோம், எரிச்சல் அப்படியே இருக்கிறது.

என்னைக் கேட்டால் குற்றம் பெரும்பாலும் பிளேட்டில் இல்லை. குளிர்ந்த தண்ணீரிலும், நேரமில்லாத நேரத்திலும், அழுத்துகிற கையிலும்தான் இருக்கிறது. தாத்தாமார் வைத்திருந்த அந்த இருபக்க பிளேட் ரேசர், அதாவது சேஃப்டி ரேசர், இந்த மூன்றையும் திருத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிற ஒரு கருவி. அவசரப்பட்டால் உடனே வெட்டிக் காட்டிவிடும். பழகிக்கொண்டால் மிச்சக் காலத்துக்கு மலிவான பிளேட் மட்டும் வாங்கினால் போதும்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள்

சேவ் எடுப்பதை ராத்திரிக்குத் தள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிகிற அளவுக்குக் குளிர் இறங்கும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் காலைத் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். குளிர் பட்டதும் தோல் புல்லரிக்கிறது, ஒவ்வொரு முடியின் அடியிலும் உள்ள சின்னத் தசை இறுகித் தோல் புள்ளிபுள்ளியாக எழும்புகிறது. அந்த மேட்டின் மேல் பிளேட் போனால் முடியோடு சேர்த்து மேட்டின் உச்சியையும் சீவிக்கொண்டு போகும். நீங்கள் காண்கிற ரத்தப்பொட்டுகளில் பாதி அதுதான். இன்னொன்று, தாடி முடி காய்ந்திருக்கும்போது நன்றாக விறைத்திருக்கும், தண்ணீரில் ஊறினால்தான் இளகும். அதற்கு ரெண்டு மூன்று நிமிடமாவது ஈரத்தில் இருக்க வேண்டும், சும்மா நனைத்துவிட்டு உடனே வழிப்பதில் பயனில்லை.

வேலை முடிந்து வந்து தண்ணீர் காய்ச்சி மேல் கழுவுவது நமக்கு ஏற்கனவே உள்ள பழக்கம். அந்தக் குளியலோடு முகமும் ஊறிவிடுகிறது, எனவே சேவுக்குத் தனியாகத் தயாராக வேண்டியதில்லை. வழித்த பிறகு வெயில், தூசு, வியர்வை எதுவும் படாமல் ராத்திரி முழுக்கத் தோல் ஆறிக்கொள்ளும். காலையில் முகம் கழுவினால் போதும். தாடி வேகமாக வளர்கிறவர்களுக்கு, கல்யாணம், நேர்முகத் தேர்வு என்று வரும்போது மட்டும் காலையில் எடுக்கலாம், ஆனால் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தினமும் எடுக்கத் தேவையும் இல்லை. செவ்வாய், வெள்ளி எடுக்கக் கூடாது என்று வீட்டில் அம்மா பிடிவாதம் பிடித்தால் சண்டை போடாதீர்கள், காரணம் எதுவானாலும் தோலுக்கு ரெண்டு நாள் ஓய்வு கிடைக்கிறது.

என்ன வாங்குவது

ரேசர்: மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழலும் வகை ஒன்று. அடியைத் திருகினால் மேல்மூடி ரெண்டு கதவாகத் திறக்கும் வகை இன்னொன்று. புதிதாகப் பழகுகிறவர் மூன்று துண்டு வகையை எடுங்கள், உள்ளே கெட்டுப்போக எதுவும் இல்லை, கழற்றிக் கழுவுவதும் லேசு. பிளேட்டுக்குக் கீழே பற்கள் இல்லாமல் நேரான தடுப்பு உள்ளது மென்மையாக இருக்கும், சீப்பு மாதிரிப் பல் வைத்தது நீண்ட தாடிக்கும் பழகிய கைக்கும். ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்து மேர்க்கூர் போன்ற பெயர் பெற்ற ரேசர்கள் அருமையானவைதான், ஆனால் தொடங்குவதற்கு அது தேவையே இல்லை. கொஞ்சம் கனமான, திருகு ஆடாத, பிளேட் ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிற எந்த ரேசரும் போதும். கனத்தைக் கட்டாயம் பாருங்கள், பிளாஸ்டிக் கைப்பிடி ரேசர் இலேசாக இருப்பதால்தான் கை தன்னையறியாமல் அழுத்தத் தொடங்குகிறது.

வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் ரேசர் கிடந்தால் கடைக்கே போக வேண்டாம். இந்த பிளேட்டின் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான், நீளம் 43 மில்லிமீட்டர், அகலம் 22, தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வருடத்துக்கு முந்திய ரேசரிலும் இன்று வாங்கிய பிளேட் உட்காரும். ஜில்லெட் தன் ரேசரை விற்கத் தொடங்கிய 1903இல் அந்த வருடம் முழுக்கப் போனது 51 ரேசரும் 168 பிளேட்டும்தான் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1904இல் காப்புரிமை கிடைத்தது, முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கைக்குப் போனது, பிறகு உலகமே அதற்கு மாறியது. பழைய ரேசரைச் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, தடுப்பு வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேட்: கார்பன் உருக்கு பிளேட்டை நம் ஊருக்கு வாங்க வேண்டாம். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வருகிற இடத்தில் ஒரு ராத்திரியில் துருப்பிடித்துவிடும். 1960களின் தொடக்கத்தில் வந்த துருப்பிடிக்காத உருக்கு பிளேட்டுகள்தான் இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பவை, அதையே எடுங்கள். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது, முதல் மாதத்தில் அதைத் தொட வேண்டாம். நடுத்தரக் கூர்மையுள்ள ஒன்றை ஐந்து பிளேட் பெட்டியாக வாங்கி, அந்தப் பெட்டி முடியும்வரை வேறு எதையும் மாற்றாதீர்கள். ரேசர், கிரீம், பிளேட் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எரிகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிரஷ்: செயற்கை நார் பிரஷ்ஷே என் தேர்வு. பன்றி முடி, பேட்ஜர் என்கிற விலங்கின் முடி பிரஷ்களுக்கு ரசிகர்கள் உண்டு, ஆனால் மழைக்காலத்தில் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அவை நாள்கணக்கில் ஈரமாகவே இருந்து பூஞ்சை வாடை அடிக்கும். செயற்கை நார் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். பன்றி முடி ஆகாத வீடுகளுக்கும் அதுதான் வழி.

சவர்க்காரம்: குளியல் சவர்க்காரம் நுரைக்கும், ஆனால் அந்த நுரை பெரிய குமிழாக எழும்பி ஒரு கன்னம் முடிவதற்குள் காய்ந்துபோகும். சேவிங் சவர்க்காரத்திலும் கிரீமிலும் பொட்டாசியமும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்து வருவதால் நுரை அடர்த்தியாக நின்று பிளேட்டுக்கு வழுக்கல் கொடுக்கும். டியூபில் வரும் சாதாரண கிரீம் தாராளமாகப் போதும். டப்பாவை அழுத்தினால் சீறி வரும் நுரை வேண்டாம், அதில் காற்றுதான் அதிகம்.

தண்ணீர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்

இதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, கல்சியம் நிறைந்த கடினத் தண்ணீர். சவர்க்காரம் அதோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகத் திரியும், நுரை வருவதற்குள் கை ஓய்ந்துவிடும். மத்திய மலைநாட்டின் ஊற்றும் ஓடையும் பெரும்பாலும் பழைய கடினப் பாறைகளுக்கு மேலாக வருவதால் தண்ணீர் மென்மையானது. பட்டாணி அளவு கிரீம் எடுத்தால் முகம் முழுக்க நுரை வரும். இணையத்து வீடியோக்களில் காட்டுகிற அளவுக்குக் கிரீம் எடுத்தால் வீண்தான். ஆனால் மென்தண்ணீரில் சவர்க்காரம் லேசில் கழன்று போகாது, முகம் வழவழவென்றே இருக்கும். கழுவும்போது ஒரு தடவை கூடுதலாகக் கழுவுங்கள், காதோரத்திலும் தாடைக்கு அடியிலும் மிச்சம் நிற்கிற சவர்க்காரம்தான் மறுநாள் தோலை வறட்டிச் சொறிய வைக்கும். அடைமழைக்குப் பீலித் தண்ணீர் கலங்கி வந்தால் துணியில் வடித்துக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பாவியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம்

முதலில் முடியின் போக்கைப் படியுங்கள். சேவ் எடுத்து ரெண்டு நாள் ஆனதும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கமாகத் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடி சாய்ந்திருக்கும் பக்கம், உரசுகிற பக்கம் எதிர்ப்பக்கம். கன்னத்தில் அனேகமாக எல்லோருக்கும் மேலிருந்து கீழ். கழுத்தில்தான் விளையாட்டு, ஒருவருக்குக் கீழிருந்து மேல், இன்னொருவருக்குப் பக்கவாட்டு, குரல்வளை மேட்டுப் பக்கம் சுழியே இருக்கும். ஒரு தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பாகத் தெரியும், ஆனால் கழுத்து எரிச்சலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

பிளேட் போடும்போது கூர்ப்பக்கத்தைத் தொடாமல் ரெண்டு குறுகிய முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்மூடியைக் கவிழ்த்து, பிளேட்டை அதன் முளைகளில் உட்கார வைத்து, அடித்தட்டை வைத்து, கைப்பிடியைத் திருகுங்கள். பிளேட் லேசாக வளைந்து இறுக வேண்டும், அவ்வளவுதான், குறடு பிடித்து முறுக்குகிற வேலை இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு விளிம்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சுடுதண்ணீர் என்றால் கொதிநீர் அல்ல, விரலை வைத்துக்கொண்டு இருக்க முடிகிற சூடு. குளிக்காமல் எடுப்பதாக இருந்தால் துவாயை அதில் நனைத்துப் பிழிந்து முகத்தில் ஒட்டி, ஆறியதும் மறுபடி நனைத்து, ரெண்டு மூன்று நிமிடம் இப்படிச் செய்யுங்கள்.

பிரஷ்ஷை நனைத்து உதறி, சில்வர் கோப்பையில் கிரீமைப் போட்டுச் சுற்றத் தொடங்குங்கள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். முதலில் பெரிய குமிழ் வரும், பிறகு குமிழ் மறைந்து வெளிறிய பசையாகும், இன்னும் நாலு சொட்டு விட்டுச் சுற்றினால் அதில் ஒரு மினுமினுப்பு ஏறும். அந்த மினுமினுப்புக்காகத்தான் காத்திருக்கிறீர்கள். பிரஷ்ஷைத் தூக்கினால் நுரையின் நுனி நின்று மெல்ல வளைய வேண்டும். மங்கலாக, காய்ந்த மாதிரித் தெரிந்தால் தண்ணீர் போதாது, வடிந்தால் கூடிவிட்டது. குளிருக்கு ஒரு சின்ன உபாயம்: அந்தக் கோப்பையைச் சுடுதண்ணீர் உள்ள பேசினுக்குள் வைத்து நுரை கட்டுங்கள், கடைசிவரை இளஞ்சூடாக இருக்கும். முகத்தில் தடவும்போது வட்டவட்டமாகத் தேய்த்து முடியை நிமிர்த்திவிட்டு, கடைசியில் வர்ணம் பூசுகிற மாதிரி இழுத்து முடியுங்கள்.

கண்ணாடி ஆவி படிந்து மறைத்தால் ஒரு விரல் சவர்க்காரத்தைத் தடவி உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், கொஞ்ச நேரத்துக்குப் படியாது.

இப்போது சாய்வு. மேல்மூடி மட்டும் கன்னத்தில் படுகிற மாதிரி, கைப்பிடி முகத்துக்கு நேர்குத்தாக நிற்கும்படி வையுங்கள். இந்த நிலையில் பிளேட் தொடாது. அப்படியே ரேசரை மெல்லக் கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ஓரிடத்தில் முடி அறுபடுகிற மெல்லிய சரசரப்புச் சத்தம் கேட்கும். அந்த இடம்தான் உங்கள் சாய்வு, தோலுக்கும் பிளேட்டுக்கும் இடையில் சுமார் 30 பாகை. காது கொடுத்துப் பழகினால் கண்ணாடியைவிடச் சத்தம் நன்றாக வழிகாட்டும்.

அழுத்தவே கூடாது. கைப்பிடியின் நடுப்பகுதியை மூன்று விரலால் பிடித்து, ரேசரின் கனம் மட்டும் வேலை செய்ய விடுங்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, தீட்டிய கத்தியைச் சரியான சாய்வில் போட்டால் கிளை ஒரே வெட்டில் அறும், மொட்டைக் கத்தியை எவ்வளவு பலமாகப் போட்டாலும் கிளை பிளந்து பட்டை உரியும்.

ரெண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சின்ன இழுப்புகளாக, மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்தபடி, முடி சாய்ந்த பக்கமாகவே முதல் சுற்றை எடுங்கள். கன்னம் முதலில், அப்புறம் கழுத்து, மீசைப் பகுதியும் மோவாயும் கடைசியில், ஏனென்றால் அங்கேதான் முடி தடிப்பு, நுரையில் கூடுதல் நேரம் ஊறட்டும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் தண்ணீரில் அலசித் திருப்பி மற்றப் பக்கத்தைப் பாவியுங்கள். நுரை போய்விட்ட இடத்தில் மறுபடி வெறும் பிளேட்டை ஓட்டுவதுதான் மிகக் கெட்ட பழக்கம், எத்தனை தடவை ஓட்டினாலும் நுரை தடவிவிட்டுத்தான்.

முதல் ரெண்டு வாரம் இந்த ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். அங்கங்கே கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சும், மிஞ்சட்டும். கை பழகியதும் மறுபடி நுரை தடவிக் குறுக்காக இன்னொரு சுற்று எடுக்கலாம். எதிர்ப்பக்கமாக எடுக்கிற மூன்றாம் சுற்று எல்லோருக்கும் இல்லை.

கழுத்தில் குரு வருகிறவர்களுக்கு

நம் ஆட்கள் பலருக்குத் தாடி சுருள் முடி. சுருள் முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டினால் நுனி வளைந்து தோலுக்குள்ளேயே வளரத் தொடங்கும், அதுதான் அந்தச் சிவந்த, சில நேரம் சீழ் வைக்கிற குரு. பல பிளேட் கார்ட்ரிட்ஜில் ஒரு பிளேட் முடியைப் பிடித்து இழுக்க அடுத்தது வெட்டுவதால் இது கூடுகிறது. ஒற்றை பிளேட் ரேசர் தோல் மட்டத்தோடு நின்றுகொள்ளும், ஆனால் நீங்கள் எதிர்ப்பக்கமாக ஓட்டினால் அதே கதைதான். கழுத்தில் முடியின் போக்கில் மட்டும், ஒரே சுற்று, தோலை அதிகம் இழுக்காமல். குருவை நகத்தால் கிள்ளாதீர்கள். அப்படியும் குறையாவிட்டால் ஒரு மாதம் பிளேட்டை விட்டுவிட்டு ட்ரிமரால் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டுங்கள். சீழும் வலியும் பரவினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் வளர்த்த தாடியோடு மலைக்குப் போய் வந்தவர்கள் நேரே ரேசரை எடுக்க வேண்டாம். முதலில் கத்தரிக்கோலாலோ ட்ரிமராலோ ஒட்ட வெட்டி, குளித்து ஊறவைத்து, புது பிளேட் போட்டு எடுங்கள். அத்தனை நாள் மூடியிருந்த தோல் அன்றைக்கு மிகவும் மென்மையாக இருக்கும்.

மீசை வைத்திருப்பவர்கள் கீழ் ஓரத்தை ரேசரால் செதுக்க முயல வேண்டாம், சேஃப்டி ரேசரின் தலை அகலம், கண்ணுக்கு விளிம்பு தெரியாது. அதற்குச் சின்னக் கத்தரிக்கோல்தான். மேல் ஓரத்துக்கு உதட்டைப் பல்லின் மேல் இழுத்துப் பிடித்து ஒற்றை இழுப்பு.

முடித்த பிறகு

குளிர்ந்த தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், நம் பீலித் தண்ணீருக்கு இப்போதுதான் வேலை. படிகாரக் கட்டியை நனைத்து முகமெங்கும் ஒரு தடவை தடவி, அரை நிமிடம் விட்டு மறுபடி கழுவுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், அடுத்த தடவை கவனிக்க வேண்டிய இடம் அது. வெட்டுப்பட்டால் படிகாரத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். தேயிலைத் தூள், கோப்பித் தூள் அப்புகிற பழக்கம் வேண்டாம், காயத்துக்குள் அழுக்கு போகும். படிகாரக் கட்டி ஆளுக்கு ஒன்று, அண்ணனும் தம்பியும் ஒரே கட்டியைப் பாவிக்கக் கூடாது. பிளேட்டும் அப்படியே. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வைரஸ்கள் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியிலும் பரவும். சலூனில் சேவ் எடுக்கும்போது புது பிளேட்டை உங்கள் கண் முன்னே உடைத்துப் போடச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஈரம் முழுதாகக் காயும் முன் வாசனையில்லாத கிரீம் கொஞ்சம், இல்லாவிட்டால் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். முகப்பரு வருகிற தோலுக்கு எண்ணெய் ஆகாது, கற்றாழைச் சோறு தடவலாம். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் சேவ் மணக்கும், ஜனவரிக் காற்றில் தோலை இன்னும் வெடிக்க வைக்கும். பகலில் வெளியே வேலை செய்கிறவர்கள் குளிர்கிறதே என்று வெயிலை மறக்க வேண்டாம், ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், வழித்த தோல் சீக்கிரம் கறுக்கும்.

ரேசரைக் கழுவி உதறி நிறுத்தி வையுங்கள், பிளேட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கூர் போவதோடு விரலும் போகும். பிரஷ்ஷை உதறிவிட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒரு பிளேட் மூன்று முதல் ஐந்து சேவுக்கு வரும், முடியை இழுக்கிற மாதிரி உணர்ந்தால் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

பழைய பிளேட்டை லயத்துக்குப் பின்னால் வடிகால் கானிலோ தேயிலைச் செடிக்குள்ளோ எறியாதீர்கள். அந்த வழியாகச் செருப்பில்லாமல் பிள்ளைகள் ஓடுகிறார்கள், கொழுந்து எடுக்கிறவர்களின் கை போகிறது. காலியான பால்மா டின் மூடியில் பிளேட் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு டின் நிரம்ப வருடங்கள் ஆகும். நிரம்பியதும் கீறலையும் டேப்பால் அடைத்து, உள்ளே பிளேட் என்று மேலே எழுதி, குப்பை எடுப்பவர் கையிலேயே சொல்லிக் கொடுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள் பிளேட்டைக் கைப்பையில் வைத்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், ஏற்றிவிடுகிற பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.